நிலத்தோடு வைத்த பொருட்கள்

எங்கள் வீட்டில் தலைக்கு மேலே எதுவும் இருந்ததில்லை. அலுமாரிக்கு மேல் பெட்டி இல்லை, சுவரில் தட்டு இல்லை. சுவாமிப் படங்களைக்கூட இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகை போட்டுத்தான் வைத்திருந்தேன். சுவரில் தொங்கிய ஒரே பொருள் கலியாணத்துக்கு வந்த மணிக்கூடு. அதற்குக் கீழே கதிரை போடவும் நான் விடுவதில்லை. உரும்பிராயில் எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றிலும் இந்தப் பழக்கம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. என்னிடம் அது முற்றிப்போயிருந்தது.

குண்டுவீச்சுக் காலத்தில், ஆபத்து மேலேயிருந்துதான் வரும் என்று பாடமாக்கிய ஆட்கள் நாங்கள். முதலில் சத்தம் வரும், பிறகு கூரை ஓடு விழும், பிறகு சுவர். நிலத்தோடு கிடந்தவர்கள் தப்பினார்கள், நிலத்தோடு கிடந்த பொருட்களும் தப்பின. இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முழங்கையும் முழங்காலும் தேயத் தேயத் தெரிந்துகொண்டோம்.

இடம்பெயர்ந்து திரும்பிவந்து வீட்டைத் திருத்தியபோது குசினிக்குப் பின்னால், குண்டுக்குப் பதுங்க வெட்டிய பங்கரை மண் போட்டு மூடிவிடுவோம் என்று மேசன் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. தென்னங்குற்றிகளை எடுத்துவிட்டு, சுவருக்குச் சீமெந்து பூசி, மேலே ஒரு கூரை போட்டு, பாதிப் பள்ளத்தைத் தூர்த்து அதை ஒரு சின்ன அறையாக்கச் செய்தேன். குசினியிலிருந்து இரண்டு படி இறங்க வேண்டும். அதுதான் எங்கள் சாமான் அறை. அவசரத்துக்கு வேண்டியது எல்லாம் அங்கே, தரையில், சுவரோடு ஒட்டி இருக்கும்.

எனக்கு அந்த அறையில் பெருமைதான், அதை மறைக்க மாட்டேன். அரிசியும் பருப்பும் மூடி இறுகிய வாளிகளில். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, புழுக்கொடியல், ஒரு பேணி. நெருப்புப்பெட்டிகளை மெழுகுதிரி உருக்கி ஊற்றிய பொலித்தீனில் சுற்றியிருந்தேன். ரோச் லைற் மூன்று, அவற்றின் பற்றறிகள் வேறாக, ஏனென்றால் உள்ளே கிடந்தால் கசிந்துவிடும். மண்ணெண்ணெய்க் கான். இருபதடி நைலோன் கயிறு. சண்டைக் காலத்தில் ஜாம் போத்தலில் நான் செய்த விளக்கு ஒன்றும் இருந்தது, தேவையில்லைதான், எறிய மனம் வரவில்லை. எல்லாவற்றிலும் துண்டு ஒட்டி, வாங்கிய மாதம் எழுதியிருப்பேன். மாதத்தின் முதல் ஞாயிறு அந்த அறையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, பழையதைச் சமையலுக்கு எடுத்துப் புதியதை வைப்பேன். அன்றைக்கு என் கணவர் பழைய பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டு, “இண்டைக்குக் கொடியேற்றம்” என்பார். எனக்கு அவர் வைத்த பட்டம் விதானையார், ஊரை ஆளும் கிராம அதிகாரி. விதானையாரிடம் அனுமதி எடுத்துத்தான் இந்த வீட்டில் மெழுகுதிரி கொளுத்தலாம் என்று வருகிறவர்களிடம் சொல்லுவார்.

அந்த அறையில் எல்லாவற்றுக்கும் தலைவாசல் போல, படிக்குக் கிட்ட, ஒரு பை இருந்தது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், என் கணவரின் கிளினிக் கொப்பி, மாற்றுடுப்பு ஒவ்வொன்று. பை மூன்று தரம் மாறியிருக்கிறது. பழக்கம் மாறவில்லை.

அந்தப் பையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குடாநாட்டின் பாதிச் சனம் ஒரே தெருவில் நடந்த அந்தப் பெரிய இடம்பெயர்வில், மழைக்குள், நான் முதற்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். என் கணவர் மகளைத் தோளில் வைத்திருந்தார். அம்மா என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தா. கையைத் தா பிள்ளை என்று ஒருமுறை கேட்டா. பை நனைந்துவிடும், தலைப்பைப் பிடியுங்கோ என்று சொன்னேன். வழியில் இருந்த பாலத்துக்கு முன்னால் எங்கோ தலைப்பு இலேசானது. திரும்பிப் பார்த்தபோது சனம்தான் இருந்தது, அம்மா இல்லை. மூன்றாம் நாள் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் கண்டுபிடித்தோம். அந்த மூன்று நாளைப் பற்றி அம்மா எதுவும் கதைத்ததில்லை. அதற்குப் பிறகு பதினொரு வருசம் எங்களோடு இருந்தா. என் கையை அவ பிடித்ததில்லை. பையிலிருந்த ஒரு கடதாசிகூட நனையவில்லை.

இத்தனைக்குப் பிறகும் நான் பையைத்தான் கவனமாக வைத்திருந்தேன். மனிதரை எப்படி ஆயத்தமாக வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, பொருட்களை வைக்கத் தெரிந்திருந்தது.

சமையல் காஸும் மண்ணெண்ணெயும் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருசம் என் அறைக்கு நல்ல காலம். நாளுக்குப் பாதி நேரம் மின்சாரம் இல்லை. அயலவர்கள் நெருப்புப்பெட்டிக்கும் விளக்குத் திரிக்கும் எங்கள் படலையைத் தட்டினார்கள். பக்கத்துக் காணியில் தோட்டம் செய்பவர்தான் அதிகம் வந்தார். வெங்காயமும் புகையிலையும் போடுகிற நல்ல உழைப்பாளி. ஆனால் வீட்டில் ஒரு மெழுகுதிரி மிச்சம் வைக்கத் தெரியாத மனிதர். ஒவ்வொரு தரமும் கொடுத்தேன், ஒவ்வொரு தரமும் நாலு வார்த்தை புத்தியும் சொல்லித்தான் கொடுத்தேன். அவர் தலையைச் சொறிந்து சிரித்துக்கொண்டு போவார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் கணவருக்குத் தொய்வு வருத்தம், மூச்சிழுக்கும் நோய். இளமையிலேயே இருந்தது, வயது போகப் போக முற்றியது. மாரி மழை தொடங்கினால் நெஞ்சு விசிலடிக்கும். இன்ஹேலர் கேட்காத நாட்களில் நெபுலைசரில் மருந்தை ஊற்றி, முகமூடியைப் பிடித்துக்கொண்டு கால்மணித்தியாலம் இருக்க வேண்டும். அது மின்சாரத்தில் ஓடுவது. மின்வெட்டில் அவர் பட்ட பாட்டை வீடியோவில் பார்த்த மகள் கனடாவிலிருந்து அழுது, இன்வேட்டரும் பெரிய பற்றறியும் வாங்கச் செய்தாள். பூட்ட வந்த பெடியன் எங்கே வைப்பது என்று கேட்டான். கேட்கவே தேவையில்லை என்பதுபோல் நான் சாமான் அறையைக் காட்டினேன்.

கணவர் படியில் நின்று பார்த்துவிட்டு, “உந்தப் பற்றறியை மேசையிலை வைச்சால் என்ன?” என்றார்.

“மேலை வைச்சு விழுந்தால் உங்கடை தலையிலைதான் விழும்” என்றேன். சொன்ன விதமும் நல்லதல்ல, பெடியன் குனிந்துகொண்டான். அவர் திரும்பிப் படியேறிப் போனார். பற்றறியும் இன்வேட்டரும் தரையில், பைக்குப் பக்கத்தில், நிலத்தோடு நிலமாக இருந்தன. நெபுலைசர் அவரின் கட்டிலடியில்.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் மூன்று நாள் பெய்தது. புயல் கிழக்கே நிற்கிறது என்று வானொலி சொன்னது. எங்கள் தெருவுக்குத் தார்க் காப்பெற் போட்டு உயர்த்திய பிறகு எங்கள் வளவு தெருவை விடப் பள்ளம். ஆனபடியால் தண்ணீர் தெருவால் வரும் என்று நான் வாசல் படலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலுக்கு மண்மூட்டை அடுக்கியிருந்தேன், தண்ணீர் அதைத் தாண்டவில்லை. நான்காம் நாள் காலையில் மின்சாரம் நின்றது. பத்து மணிக்கு அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்க, நெபுலைசரைப் போட்டேன், இன்வேட்டரில் ஓடியது. அவருக்கு இழுப்புத் தணிந்தது. நான் மனதுக்குள் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பவும் இழுத்தது, முன்னையதை விட மோசமாக. மெஷினைப் போட்டேன். இரண்டு நிமிசம் ஓடியிருக்கும், நின்றுவிட்டது. வயரைப் பிடுங்கிவிட்டுக் குசினிக்கு ஓடிச் சாமான் அறைக் கதவைத் திறந்தேன்.

சாமான் அறையில் கெண்டைக்கால் அளவுக்குத் தண்ணீர். கலங்கல் இல்லை, கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவு. அது வாசலால் வந்ததல்ல. கிணறு வாய் நிறைந்திருந்தது, நிலத்துக்குக் கீழே இருந்த தண்ணீர் எல்லாம் எழும்பி, பள்ளமான இடத்தைத் தேடி, பழைய பங்கரின் அடியால் ஊறி வந்திருந்தது. நான் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது என் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஏறியிருக்கிறது. பற்றறியின் மூடி தண்ணீருக்குள் தெரிந்தது. இன்வேட்டர் முழுதாக மூழ்கியிருந்தது. வாளிகள் மிதந்தன. பை ஒரு பக்கம் சரிந்து ஊறிக்கிடந்தது.

முன்னறையிலிருந்து அவரின் மூச்சுச் சத்தம் கேட்டது. தொய்வுக்காரரோடு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், சத்தம் கேட்கும் வரைக்கும் பயமில்லை. அது குறையும்போதுதான் பயம். அது குறைந்துகொண்டிருந்தது.

இன்ஹேலரை ஆறு தரம் அடித்தேன், கேட்கவில்லை. உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது. தொலைபேசியில் சிக்னல் இல்லை. வேலிக்கு ஓடிப்போய்ப் பக்கத்துக் காணிக்காரரைக் கூப்பிட்டேன். எப்படிக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை, தொண்டை இரண்டு நாள் நொந்தது. அவர் உரப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். தன் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை, பாரம் ஏற்றும் பின்பெட்டியோடு கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். எங்கள் பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்து, தன் ஆட்டை அவிழ்த்துவிட்டு அந்தக் கயிற்றால் கதிரையைக் கட்டி, என் கணவரைத் தூக்கி அதில் இருத்தினார்.

“அக்கா, அண்ணையைப் படுக்க விடாதேங்கோ. நிமித்திப் பிடியுங்கோ” என்றார்.

ஆசுபத்திரி வரைக்கும் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். உழவு இயந்திரம் இருமி இருமிப் போனது. நான் பெட்டிக்குள் முழங்காலில் நின்று அவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில்தான், நான் பையை எடுக்கவில்லை என்பது உறைத்தது. முப்பது வருசமாகக் கைக்குக் கிட்ட வைத்திருந்த பை. திரும்பிவந்த பிறகு வீட்டை விட்டு ஓடவேண்டிய ஒரே நாளில் அதைக் கண்ணால் கண்டும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். திரும்பிப் போகச் சொல்ல வாய் வரவில்லை, கையை எடுக்கவும் முடியவில்லை. அம்மா கேட்டது இந்தக் கையைத்தான். மழைக்குள் ஓவென்று அழுதேன்.

ஆசுபத்திரியில் நேர்ஸ் பிள்ளை கிளினிக் கொப்பியைக் கேட்டா. இல்லை என்றேன். ஏதாவது மருந்து ஒத்துவராதோ என்று கேட்டா. அந்தக் கேள்விக்கு என் வாய் தானாகத் திறந்தது. ஒத்துவராத ஊசியின் பெயர், அவர் எடுக்கும் குளிசைகள், எந்த நேரம் எத்தனை, கடைசியாக ஆசுபத்திரி வாட்டில் தங்கிய மாதம், எல்லாம் வரிசையாகச் சொன்னேன். மாதம்தோறும் முதல் ஞாயிறு அந்தக் கொப்பியை எடுத்துப் புரட்டி வைத்தது வீண்போகவில்லை. ஒட்சிசனைப் பூட்டினார்கள். சாயந்தரம் போல் அவரின் மூச்சுச் சத்தம் திரும்பக் கேட்டது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். தண்ணீர் வந்த வழியே இறங்கிப்போயிருந்தது. பக்கத்துக் காணிக்காரர் பையைத் தூக்கிக் கொடியில் போட்டிருந்தார், உறுதிக் கடதாசிகளை ஒவ்வொன்றாகக் கல் வைத்துக் காயவிட்டிருந்தார். மை பரவினாலும் வாசிக்கலாம். பற்றறியும் இன்வேட்டரும் போனதுதான். ஜாம் போத்தல் விளக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பக்கத்துக் காணிக்காரரிடம் கொடுத்தேன், இந்தமுறை புத்தி சொல்லாமல்.

நான் காத்திருந்தது ஒரு வார்த்தைக்கு. மேசையில் வைக்கச் சொன்னேனே என்று என் கணவர் ஒருமுறையாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. ஒரு கிழமை போனது, இரண்டு கிழமை போனது. அவர் சொல்லாமல் இருப்பது எனக்குச் சொன்னதை விட நொந்தது. கடைசியில் நானே, சாப்பாடு போட்டுக்கொண்டு, என்னால்தானே சாகக் கிடந்தீர்கள், ஒரு வார்த்தை ஏசினால் என்ன என்று கேட்டுவிட்டேன்.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

“பற்றறி பாரம்தான். ஆனால் அந்தப் பெடியன் நிக்கேக்கை ரெண்டு பேருமாத் தூக்கி மேசையிலை வைச்சிருக்கலாம். நான் ஏன் தூக்கேல்லை எண்டு நினைக்கிறீர்?” என்றார். பிறகு, “மேலை வைக்க எனக்கும் பயம்தான்” என்றார்.

இவ்வளவு காலமும் பயம் என்னுடையது, பகிடி அவருடையது என்று நினைத்திருந்தேன்.

மகள் திரும்பவும் காசு அனுப்பினாள். புதிய பற்றறியையும் இன்வேட்டரையும் முன்னறையில், நெஞ்சளவு உயரமான மேசையில் வைத்தோம். பூட்டி முடித்து அந்தப் பெடியன் போன சற்று நேரத்தில், பலாலி விமானத்தளத்துக்கு இறங்கும் விமானம் ஒன்று எங்கள் கூரைக்கு மேலால் தாழப் போனது. இப்போது அதில் குண்டு இல்லை, ஆட்கள்தான் வருகிறார்கள், அது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் இருவரும் கதையை நிறுத்திவிட்டோம். அவர் எழும்பிப் போய் பற்றறி விழாமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் போய் அவரின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் முழுதாகப் போகும் வரைக்கும் அப்படியே நின்றோம்.