பீரோ சாவியும் பிரிவு ஐந்தும்

ஆசிரியராகப் போகிறவர்களுக்குக் கல்வியின் சமூக, வரலாற்று, சட்ட அடிப்படைகளைச் சொல்லித்தருவது, பந்தியில் சோறு வைத்த பிறகு செரிமானத்தைப் பற்றிப் பேசுவது போன்ற தொழில். கோவையில் ஒரு பி.எட். கல்லூரியில் அதைத்தான் வருடக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு வகுப்பெடுத்துப் பழகியவர்கள் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு இந்த வேதனை புரியாது.

தூக்கத்துக்கு நன்றி

கல்வி உரிமைச் சட்டம் வந்த புதிது. பிரிவு ஐந்தை உருக்கமாக நடத்திக்கொண்டிருந்தேன். ஊர் மாறி வரும் குழந்தையிடம் டி.சி. இல்லை என்பதற்காகப் பள்ளியில் சேர்க்காமல் இருக்கக் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது என்பதுதான் அந்தப் பிரிவு. எனக்கே கண் கலங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் பாதி வகுப்பு கண்ணை மூடியிருந்தது. உருகுகிறார்கள் என்று ஒரு நிமிடம் நம்பினேன். அப்புறம் குறட்டை கேட்டது.

வகுப்பு முடிந்ததும் கைக்குழந்தைக்காரியான ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது: "குத்தம் சொல்லலீங்க சார், பாப்பா பொறந்ததுலிருந்து இன்னைக்குத்தானுங்க நல்லாத் தூங்குனேன்."

நான் ஹெச்.எம். ஆன கதை

அதற்குப் பிறகு சட்டத்தை நாடகமாக்கிவிட்டேன். மாணவர்களில் ஒருவர் அம்மா வேடத்தில் பிள்ளையைச் சேர்க்க வருவார். நான் சேர்க்க மறுக்கும் தலைமை ஆசிரியர். அவர் பிரிவு எண்ணைச் சொல்லி என்னை மடக்க வேண்டும். ஆனால் எனக்குள் இப்படி ஒரு ஆள் ஒளிந்திருந்தது எனக்கே தெரியாது. ஆதார் கேட்டேன், ரேஷன் கார்டு கேட்டேன், பிள்ளையின் தாத்தா பிறந்த ஊரைக் கேட்டேன். எல்லாவற்றையும் தாண்டி வந்தவர்களுக்கென்று கடைசியாக ஒன்று வைத்திருந்தேன். சட்டமெல்லாம் சரிதான், ஆனால் அட்மிஷன் ரிஜிஸ்தர் பீரோவுக்குள் இருக்கிறது, பீரோ சாவி பி.டி. சாரிடம் இருக்கிறது, பி.டி. சார் டோர்னமெண்டுக்குப் போயிருக்கிறார். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். எந்த வருடமும் யாரும் என்னை ஜெயித்ததில்லை. அது பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு வருடம் அம்மா வேடம் போட்ட முருகேசன் தோற்றுப்போய், தலையில் போட்டிருந்த துப்பட்டாவை எடுத்துக்கொண்டே சொன்னார்: "நீங்க நெசமாவே ஹெச்.எம். ஆயிருக்கோணுமுங்க சார்."

காரமடையிலிருந்து ஒரு கிசுகிசு

போன வருடம் பயிற்சிக்காகக் காரமடைப் பக்கம் ஒரு பள்ளிக்கு அனுப்பியிருந்த சங்கீதா என்ற மாணவி போன் செய்தார். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் நின்று கிசுகிசுப்பாகப் பேசினார். கோபிசெட்டிபாளையத்திலிருந்து வாழைத்தோட்ட வேலைக்கு வந்த ஒரு அம்மா, பத்து வயது மகள் பூங்கொடியோடு மூன்று நாளாக வாசலில் நிற்கிறாராம். டி.சி. இல்லையென்று ஹெச்.எம். சேர்க்க மறுக்கிறார். இன்றைக்கும் முடியாது என்றால் நாளையிலிருந்து மகளையும் தோட்டத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவதாக அந்த அம்மா சொல்லிவிட்டார்.

பிரிவு ஐந்தைச் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னாராம். சட்டமெல்லாம் சரிதானுங்க அம்மணி என்று ஆரம்பித்த ஹெச்.எம்., ரிஜிஸ்தர் பீரோவுக்குள் இருப்பதையும், சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும், அவர் எங்கே போயிருக்கிறார் என்பதையும் வரிசையாகச் சொன்னாராம். அத்தனையும் என் நாடக வசனம். சங்கீதா இன்னும் குரலைத் தாழ்த்தினார்: "ஆனா சார், இந்தப் பள்ளிக்கூடத்துல பி.டி. சாரே கெடையாதுங்க."

இரண்டு ஊர், ஒரே சாவி

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் ஒரே கேள்வி: இத்தனை வருடம் நான் சொல்லித்தந்தது சட்டத்தையா, அதிலிருந்து தப்பிக்கும் வழியையா? ஹெச்.எம். நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கும்பிட்டவர், அம்மா வேடம் போட்ட அதே முருகேசன். பிரிவு ஐந்து ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். யோசித்தார், வரவில்லை. நாடகத்தில் நான் சொன்ன சாக்குகளைக் கேட்டேன். ஆதாரில் தொடங்கி ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

பிறகு உண்மையைச் சொன்னார். கல்வித்துறை கம்ப்யூட்டரில் பழைய பள்ளி பெயரை விடுவிக்கும் முன்பே சேர்த்துக்கொண்டால், மேலே யாராவது கேட்பார்களே என்று பயமாம். சரி, அங்கேயே கேட்டுவிடலாம் என்று கோபியில் இருக்கும் அந்தப் பழைய பள்ளிக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். டி.சி. கொடுப்பதில் ஒரு சிரமமும் இல்லை என்றது மறுமுனை. ஆனால் ரிஜிஸ்தர் பீரோவுக்குள் இருக்கிறது, சாவி பி.டி. சாரிடம். அந்தக் குரலும் என் வகுப்பில்தான் படித்திருந்தது. நான் போனை வாங்கி என் பெயரைச் சொன்னேன். டோர்னமெண்ட் அந்த நொடியே முடிந்துவிட்டது.

வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பூங்கொடியின் அம்மா, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்: "ஏனுங்க, அந்த வாத்தியாரு ஒருத்தரே எத்தன ஊருச் சாவியத்தானுங்க மடியில கட்டீட்டுத் திரியறாரு?"

வருகைப் பதிவு

டி.சி. வரும்போது வரட்டும் என்று முருகேசன் ரிஜிஸ்தரைத் திறந்தார். அது மேசையின் மேலேயேதான் இருந்தது. வயதுக்கேற்ற வகுப்பு ஐந்தாவது என்று பிரிவு எண்ணோடு எடுத்துச் சொன்னவர் சங்கீதா. முருகேசன் அதையும் குறித்துக்கொண்டார். எனக்கு ஒரு வேலையும் இல்லாமல் போனது. நிம்மதியாகத்தான் இருந்தது.

அதுவரை வாயே திறக்காத பூங்கொடி மேசைக்கு அருகில் வந்து, எழுதும் பேனாவையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "மூணு நாளு வெளிய நின்னதுக்கும் சேத்து பிரசண்ட் போடுவீங்களா சார்?"

அதற்கு எந்தப் பிரிவில் இடம் இருக்கிறது என்று, இத்தனை வருடம் சட்டம் நடத்தியவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.