குத்தூசிக்காரருக்கு ஒரு வாடகை வீடு

தீர்த்தகிரிக்குச் சம்பளமே சந்தேகப்படுவதற்குத்தான். ஆத்தூரில் ஒரு மக்காச்சோளக் குடோனில் காலம் காலமாக அவர் செய்தது அந்த ஒரே வேலை. லாரி வந்து நின்றதும் கையில் குத்தூசியோடு மேலே ஏறுவார். குழல் மாதிரி நீண்ட அந்த ஊசியை மூட்டையின் அடிவயிற்றில் செருகி இழுத்தால் உள்ளே இருக்கும் சோளம் ஒரு கையளவு வெளியே வந்து விழும். மேலே காய்ந்ததைப் பரப்பி, அடியில் ஈரத்தையும் பூஞ்சையையும் திணித்துக் கொண்டுவருகிற வியாபாரிகள் அவரைக் கண்டாலே வாய்க்குள் திட்டுவார்கள். முதலாளிக்கு அவர் செல்லப்பிள்ளை.

சங்கடம் என்னவென்றால், குத்தூசியைக் குடோன் ஆணியில் மாட்டிவிட்டு வருவார். புத்தியை மாட்டிவிட்டு வர மாட்டார். பெண் பார்க்கப் போன இடத்திலேயே ஆரம்பித்துவிட்டது. காப்பி நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததால் சந்தேகம் வந்தது. பெண்ணின் அம்மா போட்டுக் கொடுத்திருப்பார் என்று நினைத்து, இன்னொரு காப்பி கேட்டார். ராசாத்தி உள்ளே போய் ஒரு பொட்டுச் சர்க்கரை போடாமல் ஒன்று கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னார்.

அன்றைக்கு அப்படிக் கேட்ட மனிதனோடு குடித்தனம் நடத்துவது எப்படி இருக்கும் என்று அந்தப் பெண் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வீடு வீடாக அலைந்தாள். ஒரு வீட்டில் ஓனர் மாடியில் நின்று தங்கள் குப்பைக்கூடையை எட்டிப் பார்க்கிறார் என்று கிளம்பினார் தீர்த்தகிரி. இன்னொரு வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். அதற்குள் எதை மறைக்கிறீர்கள் என்று கேட்டுச் சண்டை. கடைசியாக இருந்த வீட்டில், ஓனர் காளிதாஸ் தன் ஃபேனைத் தங்கள் மீட்டரில் ஓட்டுகிறார் என்று முடிவு கட்டி, ஒரு மத்தியான நேரத்தில் மெயினை அணைத்துவிட்டுப் போய் அவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே படுத்திருந்த காளிதாஸ் கண்ணைத் திறந்து பார்த்தார். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

ஒவ்வொரு தடவையும் சாமான் கட்டுகிறவள் ராசாத்தி. அந்தச் சாமான்களில் ஒரு கோணி மூட்டை மட்டும் வாய் தைத்தபடியே வீட்டுக்கு வீடு வரும். அதன்மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூலையில் தள்ளி வைத்திருப்பாள். அதைப் பற்றியும் அவருக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நாள் குத்தூசியைக் குடோனிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்து, அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துச் செருகினார். உள்ளே டங்கென்று சத்தம். பாத்திரம்தான். அவருக்குத் திருப்தியாகிவிட்டது. போர்வையை இழுத்து மூடிவிட்டு வந்துவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் முதலாளி ஆத்தூர் குடோனை விற்றுவிட்டு நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன மில்லில் பங்கு சேர்ந்தார். அங்கே தினமும் சோள லாரி வந்து நிற்கிறது, உடனே வந்து சேர் என்று சொல்லிவிட்டார். ஆனி மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். பிறகு ஆவணி வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ராசாத்தி சொன்னதை அவரால் லேசில் தள்ள முடியவில்லை. "இதான் கடைசி வூடு. இதுலயும் நொட்டை கண்டுபுடிச்சிக் கெளம்புனீங்கன்னா, நீங்க தனியா இருந்துக்கங்க. நான் வாழப்பாடிக்கு சௌமியா வூட்டுக்குப் போயிடுவேன்." சௌமியா கட்டிக்கொடுத்த மகள். ராசாத்தி கத்தியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

மோகனூர் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் மாடி வீடு காலி என்று மில்லில் சொன்னார்கள். ஓனர் சென்னம்மாள், அறுபதைத் தொட்டவர். கீழே தனியாக இருந்தார். தீர்த்தகிரி தன் வழக்கப்படி பார்த்தார். சுவரைத் தட்டினார். குழாய்களைத் திறந்து மூடினார். தொட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே டார்ச் அடித்தார். மீட்டர் தனியா என்று கேட்டார். இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்டார். கேட்டுக்கு எத்தனை சாவி, யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். அந்த அம்மாள் படியில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"ஆத்தூருல எந்தத் தெருவுங்க? யாரு ஊட்டுல குடியிருக்கறீங்க?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். "செரீங்க, ரோசன பண்ணிச் சொல்றேன்."

வீட்டில் ஒரு குறையும் இல்லை. நல்ல தண்ணீர், நல்ல காற்று, வாடகையும் அந்தத் தெருவுக்குக் கம்மி. வாசலில் இறங்கியபோதே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மேலே இவ்வளவு காய்ந்த சோளம் இருந்தால் அடியில் என்ன இருக்கும்?

தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரர் மணியனிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தார்.

"அந்த ஊடுங்களா? நாலு மாசமா சும்மாத்தான் கெடக்குதுங்க," என்றார் மணியன். "பேங்குக்காரரு ஒருத்தரு வந்து கேட்டாரு, காலேசு வாத்தியாரு வந்தாரு. எல்லாம் தங்கமான ஆளுங்க. அந்தம்மா ஒருத்தருக்கும் குடுக்கலீங்க."

"முன்னால இருந்தவரு?"

மணியன் பெட்டியைத் தூக்கி வைத்தார். "ஒரு நாளு காத்தால பாத்தா ஆளக் காணோமுங்க. ஏன் எதுக்குன்னு அந்தம்மாவும் வாயத் தொறக்கல. நமக்கெதுக்குங்க?" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை விரித்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துச் சென்னம்மாளிடமிருந்து போன் வந்தது. ஊடு உங்களுக்குத்தான், ஆடி பொறக்கறதுக்குள்ள பால் காச்சீருங்க என்றார். பேங்க் ஊழியருக்கு இல்லை, வாத்தியாருக்கு இல்லை, மூட்டையில் ஊசி குத்துகிறவனுக்கு உண்டாம். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அறிவுச்செல்வி வந்து சொன்னது அந்தச் சந்தேகத்தில் எண்ணெய் வார்த்தது.

"அண்ணே, நாமக்கல்லு பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா வந்துச்சி. ராசிபுரத்துல பஸ் மாறி வந்திச்சாம். காளிதாஸ் அண்ணன்கிட்ட உங்கள பத்தி ரொம்ப நேரம் விசாரிச்சிது. என்கிட்டயும் வந்து கேட்டுச்சி."

"நீ என்னா சொன்ன?"

அறிவுச்செல்வி நெளிந்தாள். "இருக்கறதத்தான் சொன்னேன்," என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாக எழுந்து போய்விட்டாள்.

பெண் கொடுக்கிற இடத்தைப் பற்றித்தான் ஊர் விட்டு ஊர் வந்து விசாரிப்பார்கள். வாடகைக்கு வருகிறவனை விசாரிக்க யார் இரண்டு பஸ் மாறி வருவார்கள்? போதாததற்கு, மறுநாள் காலையில் எதிரே வந்த காளிதாஸ் அவரைப் பார்த்துச் சிரித்தார். வாய் நிறையச் சிரித்தார். பல மாதங்களாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போன மனிதர்! தீர்த்தகிரி நேராக வீட்டுக்குள் வந்து, "அந்த வூடு வேணாம்," என்றார்.

ராசாத்தி பரணில் இருந்த தன் துணிப்பையை எடுத்தாள். இரண்டு புடவையை மடித்து உள்ளே வைத்தாள்.

"என்னான்னு கேக்கமாட்டியா?"

"கேட்டு?" என்றாள் அவள். "தொட்டிக்குப் பூட்டு இருக்கும். இல்லன்னா பூட்டு இல்லாம இருக்கும்."

அவர் மனம் கொதித்தது. அதற்குள் பயமும் கலந்திருந்தது. பையின் ஜிப்பை அவள் இழுத்த சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. "இரு, நானே போய் மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வரேன்," என்று சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வழி நெடுக ஜன்னலோரம் உட்கார்ந்து கேள்விகளை அடுக்கிக்கொண்டே வந்தார். பேய் வீடா, வழக்கில் கிடக்கிற வீடா, இல்லை காளிதாஸுக்கும் அந்த அம்மாளுக்கும் ஏதாவது ஒப்பந்தமா? ஒன்றுக்கொன்று இடித்தாலும் மூன்றையும் நம்பினார்.

சென்னம்மாள் வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "வாங்க சாமி, உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

"தண்ணி இருக்கட்டும். ஆத்தூருக்கு எதுக்கு வந்தீங்க?"

"விசாரிக்கத்தானுங்க."

"காளிதாசு என்னா சொன்னாரு?"

"ஐயோ, அத ஏன் கேக்கறீங்க! இந்த மாதர தங்கமான மனுசன நான் பாத்ததே இல்லீங்கம்மா, அனுப்பறதுக்கு மனசே வல்லைன்னு கண்ணுல தண்ணி வராத கொறையாச் சொன்னாருங்க." சென்னம்மாள் புளிக் கையைத் தட்டிக்கொண்டார். "அப்பவே எனக்கு டவுட்டு வந்துபோச்சு. மனசு வல்லீங்கறாரு, மொகத்தப் பாத்தா தீவாளியாட்ட இருக்குது. இந்தாள எப்படியாச்சும் தள்ளி உட்டாப் போதும்னு நெனைக்கறாருன்னு தெரிஞ்சு போச்சு. அப்பறந்தான் பக்கத்தூட்டுப் புள்ளகிட்டக் கேட்டேன். மெயின ஆப் பண்ணிப்போட்டு ஃபேன் சுத்துதான்னு பாத்தீங்ளாமா?"

தீர்த்தகிரிக்குக் காது சூடானது. "அதெல்லாம் தெரிஞ்சுமா எனக்கு வூடு தரேன்றீங்க?"

"அது தெரிஞ்சதுனாலதானுங்க தாரேன்."

அவர் எழுந்து பின்பக்கம் நடந்தார். தீர்த்தகிரியும் போனார். ஒரு தகர ஷெட். உள்ளே எண்ணெய்க் கறை படிந்த வெறும் தரை.

"எங்க ஊட்டுக்காரரு போர் போடற ரிக் வண்டி வெச்சிருந்தவருங்க. ராடு, பிட்டுன்னு இது பூராச் சாமான். பையன் கந்தவேலு சத்தீஸ்கர்ல வண்டி ஓட்டறான், மழைக்காலத்துக்குத்தான் ஊருக்கு வாரான். அவனுக்குன்னு வெச்சிருந்தேன். மாடியில குடியிருந்தவன் அம்மா அம்மான்னு வாய் நெறையக் கூப்புடுவான். காச்சல்னா மருந்து வாங்கியாருவான். ஒரு வருசமா ஒண்ணொண்ணாக் காயலாங்கடைக்குக் கொண்டு போயிருக்கறான். நல்ல பையனாச்சேன்னு நானே எந்திரிச்சுக் கேட்டத் தொறந்து உட்டிருக்கறேன்." அவர் எண்ணெய்க் கறையைக் காலால் தேய்த்தார். "பையன்கிட்ட இன்னம் சொல்லலீங்க. எந்த மொகத்த வெச்சுட்டுச் சொல்றது? அதுல இருந்து யாராச்சும் நல்லாப் பேசுனா எனக்கு ஈரக்கொலை நடுங்குது. பேங்குக்காரரு அம்மான்னாரு, போயிட்டு வாங்கன்னுட்டேன். நீங்க வந்ததும் வராததுமா சாவி எத்தன, யார் யார்கிட்ட இருக்குதுன்னு கேட்டீங்க. நான் கேட்டிருக்கோணும் அத."

தீர்த்தகிரி அந்த வெறும் தரையையே பார்த்தார். பாவமாக இருந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. "அப்ப நான் என்னா, வாட்ச்மேனா?"

"வாட்ச்மேனுக்கு நான் சம்பளம் குடுக்கோணுமுங்க. நீங்க எனக்கு வாடகை குடுக்கறீங்க," என்றார் சென்னம்மாள். சொல்லிவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

வீடு வீடாக எந்தக் குணத்துக்காக முகம் சுளித்தார்களோ, அதற்காகவே ஒருத்தி ஊர் தாண்டி வந்து தேடியிருக்கிறாள். பஸ்ஸில் திரும்பும்போது அதை நினைத்து அவருக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும், "பையைப் பிரி. ஆனிக்குள்ள பால் காய்ச்சிடலாம்," என்றார். ராசாத்தி பையைப் பிரிக்கவில்லை. அப்படியே தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டிய சாமான்களோடு வைத்தாள்.

ஆனி கடைசி வெள்ளிக்கிழமை காலையில் புது வீட்டு அடுப்பில் பால் பொங்கியது. சென்னம்மாளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கி ஒரு முறை மோந்து பார்த்து, "பாக்கெட்டுப் பாலுங்களா, கறந்த பாலுங்களா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் குடித்தார். தீர்த்தகிரிக்கு அந்த நிமிடம் அந்த வீடு ரொம்பப் பிடித்துப் போனது.

சாமான்களை எல்லாம் இறக்கியானதும் அந்தக் கோணி மூட்டையை வழக்கம்போல மூலைக்குத் தள்ளப் போனார்.

"அதை இங்க கொண்டாங்க," என்றாள் ராசாத்தி.

அரிவாள்மனையில் சணலை அறுத்தாள். மூட்டையின் வாய் திறந்ததும் உள்ளிருந்து பித்தளைக் குடம், அண்டா, செம்பு, தட்டங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எல்லாம் கல்யாணச் சீர். அவள் அப்பா பெயர் வெட்டிக் கொடுத்தவை. ஒன்றுகூடப் புழங்கியதில்லை.

"இத்தன வருசமா ஏன் கட்டியே வெச்சிருந்த?"

"எந்த வூட்டுல எடுத்து வெக்கச் சொல்றீங்க?" என்றாள் அவள். "எடுத்து அடுக்குனா மறுபடியும் கட்டணும். அழுகையா வரும். அதான் அவுக்கறதே இல்ல."

உள்ளே என்ன இருக்கிறது என்று குத்திப் பார்த்தவர், அது ஏன் தைத்தபடியே கிடக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. அண்டாவை எடுத்துத் துடைப்பது போலக் குனிந்துகொண்டார்.

ராசாத்தி குடத்தை முந்தானையால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினாள். அதன் வயிற்றில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். அதைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இந்தக் கீறல் யாரு போட்டதுன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிக்கிட்டிருந்தீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் கீழே கேட் கிறீச்சிட்டது. "யாருன்னு பாருங்க சாமி!" என்று சென்னம்மாளின் குரல் வந்தது.

"போங்க, போய்ப் பாருங்க," என்றாள் ராசாத்தி. அவர் வேகமாகப் படியிறங்கினார். அவள் குடத்தை அலமாரியில் கீறல் வெளியே தெரியும்படி வைத்துவிட்டு, காலிக் கோணியை உதறி மடித்து மிதியடியாக வாசலில் போட்டாள்.