உட்கார்ந்து செய்யும் வேலை

என் தம்பியின் வலது முட்டியை உத்திரமேரூரில் அறியாதவர் கிடையாது. கோடையில் ஏரி வற்றியதும் அந்தத் தரையில்தான் எங்கள் பக்கத்துப் பையன்கள் பந்து ஆடுவார்கள். நல்ல ஓட்டத்தில் இருக்கும்போதே தம்பியின் முட்டிச் சில்லு ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும். அப்படியே உட்காருவான். உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளுவான். சில்லு இடத்துக்கு வந்ததும் எழுந்து ஓடுவான். பார்க்கிற நான்தான் கண்ணை மூடிக்கொள்வேன். அவனோ அவிழ்ந்த வேட்டியைச் சரிசெய்துகொண்டவன் மாதிரி போய்க்கொண்டிருப்பான்.

அந்தக் காலோடுதான் அப்படி ஆடினான். பக்கத்து ஊரான பெருநகரின் பையன்கள் அவனைத் தடுப்பதற்கென்றே இரண்டு பேரை நிறுத்துவார்கள். சற்று நேரத்தில் இரண்டு பேரும் ஏரி மண்ணில் கிடப்பார்கள். அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. அவனைத் திட்டவே எனக்கு நேரம் போதாது, புகழ எங்கே நேரம்?

செங்கல்பட்டில் நடந்த ஒரு போட்டியில் அவனைச் சென்னைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். அங்கே ஒரு பெரிய பஞ்சாலையின் கால்பந்து அணிக்கு ஆள் சேர்ப்பது அவர் பொறுப்பு. நாங்கள் அவரை 'டீம் சார்' என்போம். மில்லில் வேலை, தங்க இடம், சாப்பாடு, மாதச் சம்பளம், ஆடுவது ஒன்றுதான் வேலை என்று சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குக் கோப்பைக்கான கடைசி ஆட்டம். சனிக்கிழமை காரோடு வருகிறேன், பையன் தயாராக இருக்கட்டும் என்றார்.

எங்கள் நைனா பிறர் நிலத்தில் உழைத்தே முதுகு வளைந்தவர். பேண்ட் போட்டவர் எதிரே நின்றால் அவருக்கு வாய் கட்டிக்கொள்ளும். அம்மா அழத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாதவள். ஆகவே பேசுவது என் தலையில் விழுந்தது. எனக்கு அது புதிதும் இல்லை. நடவுக்குப் போகும் எங்கள் பெண்கள் கூட்டத்துக்காக நிலக்காரர்களிடம் பேசுகிறவள் நான்தான். மதியக் கூழ் யார் கொடுப்பது, எத்தனை மணிக்குக் கரையேறுவது, எல்லாவற்றையும் வரப்பில் நின்றபடியே பேசி முடிப்போம். அது முடியும்வரை ஒருத்தியும் சேற்றில் கால் வைக்க மாட்டாள். இறங்கி, இடுப்பை வளைத்து, கையில் நாற்றை வாங்கிவிட்டால் பிறகு பேச்சு எடுபடாது. வரப்பில் நிற்கும்வரைதான் நமக்கு மரியாதை.

வாடகை சைக்கிள் கடைக்காரர் வேலை மெனக்கெட்டு வீட்டுக்கே வந்து புத்தி சொன்னார். "முட்டியப் பத்தி மூச்சு வுடாத. கார்ல ஏத்தி வுட்டுடு. அப்பால அவன் பாடு, அவங்க பாடு."

தம்பியும் தலையாட்டினான். எனக்கு ஒப்பவில்லை. எங்கள் நிலக்காரர் ஒரு முறை நொண்டி மாட்டை நன்றாக நடக்கவிட்டுக் காட்டிச் சந்தையில் விற்றார். வாங்கியவர்கள் மறு வாரமே மாட்டோடும் ஆட்களோடும் வந்து வாசலில் நின்று கேட்ட கேள்வி எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. என் தம்பியை யாரும் அப்படி வாசலில் கொண்டுவந்து விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை ஏரிக்கரைச் சாலையில் கார் வந்து நின்றது. டீம் சார் இறங்கினார். தம்பி அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேரே போய்த் துணிப்பையைப் பின் சீட்டில் வைத்தான்.

"சார், இவனுக்கு வலது முட்டி சரியில்ல. அப்பப்ப சில்லு நகந்துக்குது. தெரிஞ்சிக்கினு கூட்டிக்கினு போங்க" என்றேன்.

தம்பியின் முகம் செத்துவிட்டது. டீம் சார் சிரித்தார்.

"தெரியும்மா. செங்கல்பட்டுலயே பாத்தேன், உக்காந்து தட்டி விட்டுக்கிட்டான். அதனாலதான் மாசா மாசம்னு பேச்சு. ஆடற வரைக்கும் வேலை."

மறைக்கச் சொன்ன சைக்கிள் கடைக்காரரை நினைத்துக்கொண்டேன். நாங்கள் மூடி வைத்திருந்ததை டீம் சார் முன்பே பார்த்து, கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

"ஆட முடியாம பூட்டா?"

"ஊருக்கு வந்துட வேண்டியதுதான். ஊரு எங்கம்மா போயிடப் போகுது?"

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அதிகம் எரிந்தது. ஊர் எங்கும் போகாது, சரி. ஊரில் எங்களுக்கு என்ன இருந்தது? ஒரு சாண் நிலம் கிடையாது. இருப்பதெல்லாம் இன்னொருவர் சேறு. முட்டி போனவன் ஏர் பின்னால் நடக்க முடியாது, மூட்டை தூக்க முடியாது. நைனாவுக்காவது முதுகுதான் வளைந்தது, கால் இருந்தது. இவன் திரும்பி வந்தால் யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

"அப்படின்னா ஆட்டத்தோட ஒரு வேலையும் கத்துக் குடுங்க சார். உக்காந்து செய்யற வேலையா இருக்கணும். ஆட்டம் நின்னாலும் அந்த வேல நிக்கக் கூடாது."

"ஃபுட்பால் ஆட வர்றவனுக்கு உக்காந்து செய்யற வேலையா?" என்றார் டீம் சார். அவருடைய டிரைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க மில்லுல உக்காந்து வேலை செய்யறது பெரிய மேனேஜர் ஒருத்தர்தாம்மா."

"அது காலியா கீதா?"

டீம் சார் இன்னும் பலமாகச் சிரித்தார். பிறகு பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். ஆட்டக்காரர்கள் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவார்கள், மிஷின் பக்கம் யாரும் தலைவைத்துப் படுப்பதில்லை, இதையெல்லாம் முடிவு செய்யத் தனக்கு அதிகாரமும் இல்லை என்றார்.

"அதிகாரம் கீறவங்கள கேட்டுக்கினு வாங்க."

"நாளைக்கு மேட்ச்சும்மா."

"நாளைக்கு மேட்ச்சுன்றதாலதான் இன்னிக்குக் கேக்கறேன்."

தம்பி அதற்குள் ஒரு காலைக் காருக்குள் வைத்துவிட்டான். எனக்கு அந்தக் காரும் சேறும் ஒன்றுதான். கதவு சாத்திவிட்டால் பிறகு யார் நம் பேச்சைக் கேட்பார்கள்? பின் சீட்டிலிருந்த பையை எடுத்து என் இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"யக்கா, கெடுக்காதக்கா. குடு பைய."

"எறங்குடா."

இறங்கினான். கார் போய்விட்டது.

அதற்குப் பிறகு வாங்கிய பேச்சுக்குக் குறைவில்லை. தம்பியின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டவள் என்று தெருவே சொன்னது. அம்மா என்னைப் பார்த்தாலே அழுதாள். தம்பி நான் போட்ட சோற்றைத் தொடவில்லை. ஒரே கோல் வித்தியாசத்தில் மில் தோற்றது என்று சைக்கிள் கடைக்காரர் பேப்பரில் பார்த்து வந்து, எனக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. டீம் சார் திரும்பி வராமலே போய்விட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? ஆனாலும் பையைத் திரும்பக் காரில் வைத்திருக்க மாட்டேன். அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

டீம் சார் வந்தார். இந்த முறை கார் இல்லை, பஸ்ஸில் வந்து இறங்கி வெயிலில் நடந்து வந்தார். தறியில் ஏற்றுவதற்கு முன், துணியில் நெடுக்காக ஓடும் பாவு இழைகளை ஒவ்வொன்றாகக் கம்பிக் கண்களில் கோக்க வேண்டுமாம். ஸ்டூலில் உட்கார்ந்துதான் செய்ய முடியுமாம். தேடிப் பார்த்ததில்தான் தெரிந்தது என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டார். காலையில் பயிற்சி, மதியத்துக்கு மேல் இழை கோக்கும் இடம். வேலை பழகியபின் ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவன் மற்றவர்களைப் போல் ஒரு தொழிலாளி.

"ஆனா ஒண்ணும்மா. மத்த ஆட்டக்காரங்க சம்பளம் கெடைக்காது. வேலை பழகற ஆளுக்கு என்னவோ அதுதான். இதுக்கு மேல என்னால இழுக்க முடியாது."

அவரும் தன் பக்கத்தை விடவில்லை. நானும் வரப்பில் நின்று பேசிப் பழகியவள், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். சரி என்றேன். மில்லில் எழுதி வாங்கிக் கொண்டுவந்திருந்ததைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அதன் பிறகே பையைத் தம்பி கையில் கொடுத்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.

பொங்கலுக்கு வரும்போதெல்லாம் ஒரே புலம்பல். மற்றவர்கள் மதியம் சினிமாவுக்குப் போகிறார்களாம், இவன் நூல் கோக்கிறானாம், 'பூக்கட்டுறவன்' என்று கேலி செய்கிறார்களாம். இடுப்பு பிடித்துக்கொண்ட கோல்கீப்பரை அடுத்த மாதமே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அவன் வாயாலேயே ஒரு பொங்கலுக்குச் சொன்னான். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் கரும்பைக் கடித்தான். நான் இன்னொரு துண்டு வெட்டிக் கொடுத்தேன்.

சில வருடம் கழித்து அது நடந்தது. ஆட்டத்தின் நடுவே இரண்டு பேர் அவன் காலின் மேல் விழுந்தார்கள். இந்த முறை உள்ளங்கையால் தள்ளியதற்குச் சில்லு கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். இனி ஓடவே கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுத் தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். எனக்கு அழுகை வந்தது. அந்தக் கால் ஏரி மண்ணில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவள் நான்.

கட்டுப் பிரித்து அவன் வேலைக்குப் போன அன்று நானும் கூடப் போனேன். பேச்சு பேசினவள் நான், வாட்ச்மேன் அவனை உள்ளே விடுகிறானா என்று என் கண்ணால் பார்க்க வேண்டாமா? தம்பி கம்பு ஊன்றிக்கொண்டு மில் கேட்டுக்குப் போனான். வாட்ச்மேன் ஏதோ கேட்டான். தம்பி ஏதோ சொன்னான். நான் இரண்டு அடி முன்னே வைத்தேன். பிறகு வாட்ச்மேன் ஒதுங்கி நின்றான், தம்பி உள்ளே போனான்.

ஊர் பஸ்ஸைப் பிடிக்காமல் எதிர்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். திருப்பி அனுப்பிவிட்டால் யாராவது இருக்க வேண்டுமே. சாயங்காலம் மில் சங்கு ஊதியது. கூட்டமெல்லாம் போனபின் கடைசியாகத் தம்பி வந்தான், தலையெல்லாம் பஞ்சு.

"இன்னா, இன்னும் குந்திக்கினு கீற? ஊருக்குப் போவல?"

"சங்கு ஊதட்டும்னு இருந்தேன்."

சற்று தூரம் நடந்தோம். நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்.

"அன்னிக்கு அந்த மேட்ச்சு நான் ஆடியிருந்தா நாங்க ஜெயிச்சிருப்போம்."

"ஜெயிச்சிருப்பீங்க" என்றேன்.

கம்பை ஊன்றிய கையிலேயே டிபன் டப்பாவையும் பிடித்துக்கொண்டிருந்தான். அதை என்னிடம் நீட்டினான். "இன்னிக்கு இங்கயே தங்கிக்க. நாளைக்குக் காலைல நேரத்தோட எழுப்பி வுடு. லேட்டானா அரை நாள் சம்பளம் புடிச்சிடுவாங்க" என்றான். நான் டப்பாவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் நடைக்கு நடந்தேன்.