முத்திரை வைத்த கடிதம்

என் வண்டியில் முன்னால் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, கழுத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொன்ன வெள்ளைக்காரர் அவர் ஒருவர்தான். ரங்கூனில் எங்கள் வண்டிகளுக்கு ஸ்டியரிங் வலது பக்கம். ரோட்டிலும் வலது பக்கமே போக வேண்டும். முன்னால் பஸ் போனால் டிரைவருக்கு எதிர்ப்புறம் தெரியாது. மற்ற மேனேஜர்கள் பின் சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். இவர் தன்லியின் பாலம் வரும் முன்பே தயாராகிவிடுவார். "போ", "பொறு" என்று நான் சொல்லிக் கொடுத்த இரண்டு சொல்தான் அவருக்குத் தமிழ். "வயசுல மூத்தவர போ போங்கிறாரே உங்க தொரை" என்று என் மனைவி சிரிப்பாள்.

லண்டன் பேங்க் ஒன்றுக்கு அவர் இங்கே மேனேஜர். நாலு வருஷம் வண்டி ஓட்டினேன். இங்கே வாடகை வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும், அதில் முத்திரை வேண்டும். மகனைப் பள்ளியில் சேர்க்க அவர் எழுதிக் கொடுத்தார். ஹெட்மாஸ்டர் படிக்கவே இல்லை. முத்திரையைப் பார்த்தார், சேர்த்துக்கொண்டார். பிறகு தொரை பேங்கை விட்டு ஊருக்குப் போய், தேர்தலில் நின்று ஜெயித்தார்.

போன மாசம் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் மகன் பெயர் விழுந்தது. எனக்குக் கண் மங்கி, வண்டி ஓட்டுவதை விட்டு ரொம்ப நாளாகிறது. வீட்டில் சம்பாதிப்பவன் அவன்தான். "தொரை இப்ப பார்லிமென்ட்ல இருக்காருல்ல, ஒரு கடுதாசி கேளுங்க" என்றாள் மனைவி. மகள் இங்கிலீஷில் எழுதிப் போட்டாள். மகனை விட்டுவிடும்படி கேட்டு மூன்றாம் நாளே கடிதம் போனுக்கு வந்தது. இப்படிக் கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, இருந்தாலும் கொடுக்கிறேன் என்று தனியாகச் சொல்லியிருந்தார். முத்திரை இருந்தது. அதோடு, எங்கள் நாட்டுக்காகச் சபையில் பேசிய வீடியோவையும் அனுப்பியிருந்தார். பின்னால் பாதி நாற்காலி காலி. இங்கே பட்டாளத்துக்குப் பிள்ளைகளைப் பிடித்துப் போகிறார்கள் என்று கோபமாகப் பேசினார். மகன் இரண்டு தரம் பார்த்தான்.

கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு குலுக்கல் பட்டியல் இருக்கும் வார்டு ஆபீஸ் போனேன். குமாஸ்தா நம்ம பாய். முத்திரையைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அண்ணே, இவரு பேசினது இங்க எல்லார் போன்லயும் ஓடுது. இதப் போய் ஃபைல்ல வைக்கச் சொல்றீங்களா?"

"தெரிஞ்சவரு பாய்."

"அதத்தான் வெளிய சொல்லாதீங்கன்றேன். பிள்ளை போறதோட போகட்டும். இதப் பாத்தா வீட்டுல உள்ளவங்க பேரையும் சேத்து எழுதிக்குவாங்க. நீங்க காட்டல, நான் பாக்கல."

மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். மனைவி அதை அடுப்பில் போட்டாள். எரியும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

திங்கட்கிழமை காலை மகன் பட்டாள வண்டி ஏறினான். மத்தியானம் அவரிடமிருந்து மகளுக்குச் செய்தி வந்தது. கடிதம் உதவியதா என்று கேட்டிருந்தார்.

உதவியது என்று எழுதச் சொன்னேன். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.