எலுமிச்சை அண்ணி அக்கா வீட்டுக்குப் போன கதை

எலுமிச்சை என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது கல்யாணமாகி வந்த மறுநாள். மாமியார் வாசலில் நின்று, "எலுமிச்சை வந்தாச்சா?" என்று கேட்டார். புது மருமகளாயிற்றே, நான் சமையலறைக்கு ஓடிப்போய்க் கூடையைத் துழாவினேன். வீடே சிரித்தது. அது என் வீட்டுக்காரரின் இரண்டாவது அக்கா. பஸ் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும் என்பதால் சின்ன வயதிலிருந்து மூக்கில் எலுமிச்சம்பழத்தோடு திரிந்தவர். கல்யாண வீட்டிலிருந்து நாங்கள் எல்லாரும் பஸ்ஸில் திரும்பிவிட்டோம். அண்ணி இன்னும் நடந்து வந்துகொண்டிருந்தார்.

இதில் கூத்து என்னவென்றால், அவர் வீட்டுக்காரரே பஸ் டிரைவர். "ஊரையே ஏத்திக்கிட்டுப் போறேன், பொண்டாட்டிய மட்டும் ஏத்த முடியல" என்று டிரைவர் அண்ணன் புலம்பாத நாளில்லை.

அண்ணியை இடுப்பில் தூக்கி வளர்த்தது பெரியண்ணி, அதாவது மூத்த அக்கா. மாமியார் மில்லுக்குப் போய்விடுவாராம். பெரியண்ணி வாழ்க்கைப்பட்டது எங்கள் ஊர் ஆறு போய்க் கடலில் சேர்கிற துறைமுக ஊரில். வருஷா வருஷம் அவர்தான் பஸ் பிடித்து வந்து தங்கையைப் பார்த்துவிட்டுப் போவார். தங்கை ஒரு தடவைகூட அக்கா வீட்டு வாசலை மிதித்ததில்லை. அப்புறம் பெரியண்ணியை வெளிநாட்டிலிருக்கும் மகன் கூப்பிட்டுக்கொண்டான். திரும்பி வருகிற பயணமில்லை. முட்டி தேய்ந்துபோனதால் கடைசியாக ஒரு நடை வந்து பார்க்கவும் அவரால் முடியாது.

"இத்தனை வருஷம் நீயே வந்தே. இந்த ஒரு தடவை நான் வர்றேன்க்கா" என்று அண்ணி போனில் சொன்னார்.

"எதுலடி வருவே?"

"ஆத்துல."

டிரைவர் அண்ணன் அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். கூட்டாளி ஒருவரிடம் செங்கல் ஏற்றும் பழைய மோட்டார் படகை இரவல் கேட்டார். ஸ்டவ், பாய், தலையணையோடு இரண்டு பேரும் ஏறிவிட்டார்கள். "படகுல மட்டும் வாந்தி வராதா அண்ணி?" என்று கேட்டேன். "எனக்கு ஜன்னல் பத்தாது புள்ள, வண்டி பூராவும் திறந்திருக்கணும்" என்றார்.

அண்ணன் ஒவ்வொரு திருப்பத்திலும் கையை வெளியே நீட்டிச் சிக்னல் காட்டுவாராம்.

"யாருக்குங்க காட்டுறீங்க?"

"பின்னாடி வாத்து வருதுல்ல."

பாதி வழி மோட்டாரை அணைத்துவிட்டுத் தண்ணீர் இழுத்த இழுப்பில்தான் போனார்கள். நங்கூரம் படகின் முன்பக்கம் கட்டியிருந்தது. போட்டதும் படகு, தண்ணீர் வருகிற பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு நிற்கும். அதாவது வந்த வழியைப் பார்த்து. ஆகையால் அண்ணன் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: "நங்கூரத்த எடுத்தா முழுசாத் திருப்பணும். அப்புறம் தண்ணி போற பக்கம் போயிக்கிட்டே இரு." அண்ணி அதைப் பிசகாமல் செய்துவந்தார்.

பெரியண்ணி கிளம்புவதற்கு முந்தின நாள், இரண்டு ஆறுகள் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே நங்கூரம் போட்டுச் சாப்பிட்டார்கள். மூடாப்புப் போட்டு வெயிலே தெரியாத வானம். கரை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. உண்ட களைப்பில் இருவரும் கண்ணயர்ந்துவிட்டார்கள். விழித்ததும் அண்ணி நங்கூரத்தை எடுத்தார், திருப்பினார், தண்ணீரோடு போனார். அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மேட்டு ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடலேற்றம் எப்படித் தெரியும்? கடலுக்குப் பக்கத்தில், கடல் ஏறும்போது ஆறு பின்னால் தள்ளப்பட்டு மேல்நோக்கி ஓடுமாம். அவர்கள் தூங்கியபோது தண்ணீர் திரும்பி, படகும் தானாகவே திரும்பிக் கடலைப் பார்த்து நின்றிருக்கிறது. சரியாக நின்ற படகைத்தான் அண்ணி திருப்பினார். தண்ணீர் இழுத்துக்கொண்டுபோய்ப் அங்கே வந்து சேர்கிற இன்னொரு ஆற்றுக்குள் விட்டுவிட்டது.

அண்ணன் எழுந்து கண்ணைக் கசக்கினார். "கடல்கிட்ட ஆறு அகலமால்ல ஆவணும்? இது ஏன் குறுகுது?"

"தண்ணி போற பக்கம்தானே போறேன்."

"அது சரியாத்தான் போற."

அப்புறம் தண்ணீர் நின்றது. கொஞ்ச நேரத்தில் வந்த பக்கமே போக ஆரம்பித்தது.

"ஏங்க, ஆறு திரும்புதுங்க."

"ஆறு எங்கடி திரும்பும்? நீ திரும்பியிருப்பே."

நடுவில் போன் அடித்தது. "எங்கடி இருக்கே? காரை அனுப்புறேன்" என்று பெரியண்ணி. "தெரியலக்கா" என்று அண்ணி. "கரையில என்ன தெரியுது?" "மரம்."

கடைசியில் மீன்காரர் ஒருவர்தான் பக்கத்தில் வந்தார். "எங்க போவணும் பெரியவரே?"

"துறைமுகத்துக்கு."

"அப்ப அதுக்கு ஏன் முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

அவர் விளக்கியும் அண்ணனுக்கு ஏறவில்லை. ஒரே ஆறு எப்படி இரண்டு பக்கமும் ஓடும் என்று இன்றைக்கும் கேட்கிறார். படகைத் திருப்பி, இருட்டில் வழி பிடிபடாமல் கரையில் ஒதுங்கி, மறுநாள் மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தார்கள். மாடி வீடு பூட்டியிருந்தது. சாவி கீழ் வீட்டு நர்ஸம்மாவிடம் இருந்தது. "தங்கச்சி வந்துருவா, தங்கச்சி வந்துருவான்னு கார்ல ஏறாமலே நின்னாங்க. ஏத்தி விடறதுக்குள்ள எங்களுக்குப் போதும் போதும்னு ஆயிருச்சு" என்றாள்.

உள்ளே இரண்டு பேருக்குச் சமைத்து மூடி வைத்திருந்தது. ஆறிப்போயிருந்ததை அண்ணி உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாராம். அழவில்லை. பாத்திரம் கழுவிக் கவிழ்த்தார்.

"கிளம்பலாமா?" என்றார் அண்ணன்.

"அக்கா வீட்டுக்கு வந்திருக்கேன். வந்ததும் வராததுமா யாராவது கிளம்புவாங்களா?"

சரி, ஒரு வாரம் இருப்பார் என்று நினைத்தோம். இன்னும் கிளம்பவில்லை. தப்பு யார் மேல் என்று கேட்டால், "சொல்லிக்குடுத்தது நான்" என்று அண்ணனும், "திருப்புனது நான்" என்று அண்ணியும் விட்டுக்கொடுக்காமல் சண்டை போடுகிறார்கள். கோபமா, துக்கமா, பிடிவாதமா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பெரியண்ணி போனில், "இருக்கட்டும் விடு, என் வீட்டுக்கு இப்பத்தானே வந்திருக்கா" என்கிறார்.

அண்ணன் படகைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அண்ணியிடமே போய்விட்டார். அண்ணி இப்போது துறைமுக ஊரில், பெரியண்ணி வீட்டு மாடியில் இருக்கிறார்.