மூன்று கையெழுத்து

எங்கள் நீரேற்று நிலையத்தில் காலை ஷிப்ட் எனக்கு, மதிய ஷிப்ட் மீட்டர் அக்காவுக்கு. மீட்டரைப் பார்த்து எழுதாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள், அதனால் அந்தப் பெயர். ஏழு வருடமாக இரண்டு மணிக்கு அவள் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். ஒரே உடம்பில் மூன்று பேர் என்பதை இரண்டாவது வாரமே அவளே சொல்லிவிட்டாள். பெரியவள் நிதானம். வம்பி வாயைத் திறந்தால் மூட மாட்டாள். சின்னவள் பேசவே மாட்டாள். மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்தே பேரிங் தேய்ந்ததைக் கண்டுபிடித்துவிடுவாள்.

ஒருத்தி செய்தது அடுத்தவளுக்கு நினைவிருக்காது. அதனால் மணிக்கொரு முறை அழுத்தம், வால்வு, குளோரின் எல்லாவற்றையும் ஷிப்ட் நோட்டில் எழுதி, அவரவர் கையெழுத்தைப் போட்டுவிடுவார்கள். வருகிறவள் அதைப் படித்த பிறகுதான் எதையும் தொடுவாள். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற கையெழுத்துக்கு இது எவ்வளவோ மேல்.

போன மாதம் வந்த புது என்ஜினியருக்கு அந்த மூன்று கையெழுத்து கண்ணை உறுத்தியது. ஆள் வைத்து வேலை பார்க்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

“ஆளெல்லாம் வைக்கல சார். மூணுமே நாங்கதான்,” என்றாள். அன்று வம்பி.

விஷயம் புரிந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எல்லாரும் அப்படித்தானே சார்? வீட்ல ஒருத்தி, வேலைல ஒருத்தி,” என்றேன்.

வம்பி என் பக்கம் திரும்பினாள். “நீ சும்மா இருடி. வீட்ல பேசினது உனக்கு இங்க ஞாபகம் இருக்குல்ல? எனக்கு நோட்டைப் பாத்தாதான் நேத்து நடந்ததே தெரியும். பரிஞ்சு பேசுறேன்னு எங்களை இல்லாம ஆக்கிடாத.”

உண்மையைத்தானே சொன்னாள்.

என்ஜினியர் பழைய நோட்டுகளைப் புரட்டி, நான்கு வருடத்துக்கு முந்தைய பக்கத்தில் விரலை வைத்தார். ‘மூன்று மணிக்குக் குளோரின் வால்வைத் திறக்க மறந்தோம். நான்கு மணிக்குத் திறந்தோம். அதுவரை ஊருக்குத் தண்ணீர் போகவில்லை.’ கீழே மூன்று கையெழுத்து.

“மறந்தது யாரு?”

வம்பி மேல் வரியில் இருந்த மூன்று மணிக் கையெழுத்தைப் பார்த்தாள். “சின்னவ.”

“அப்புறம் மத்த ரெண்டு பேரு எதுக்குப் போட்டாங்க?”

“அவ மோட்டாரைக் காப்பாத்தினா நல்ல பேரு எங்க எல்லாருக்கும். தப்பு மட்டும் அவளுக்குத் தனியாவா?”

மறுநாள் ஒரு தாளோடு வந்தார். தப்பு செய்தது சின்னவள், இனி அவள் வேலைக்கு வர மாட்டாள் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு, இல்லாவிட்டால் கிடையாது. ரொம்பத் தாராள மனசு!

அன்று பெரியவள். இரண்டு முறை படித்தாள். எழுதியிருந்ததைக் குறுக்கே அடித்தாள். கீழே, ‘மதிய ஷிப்டில் நடந்த எல்லாவற்றுக்கும் நாங்கள் மூவரும் பொறுப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“மத்த ரெண்டு பேரும் வந்ததும் போடுவாங்க சார். தாள் இங்கயே இருக்கட்டும்.”

“எப்ப வருவாங்க?”

“வரும்போது.”

அவர் வெள்ளிக்கிழமை வரை கெடு வைத்தார். புதன்கிழமை வம்பி தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். வியாழனும் போனது, சின்னவள் வரவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி. மேஜைக்கு அந்தப் பக்கம் என்ஜினியர். அக்கா உள்ளே வந்தாள், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகப் போய் இரண்டாவது மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்தாள். எனக்கு உயிர் வந்தது.

நோட்டைப் படித்தாள். தாளைப் படித்தாள், அடித்திருந்த வரிகளையும் விடாமல் படித்தாள். ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டு அதை அவர் பக்கம் தள்ளினாள். பிறகு நான் ஏழு வருடத்தில் கேட்டிராத ஒரு குரலில் சொன்னாள்:

“நான் வருவேன்.”

என்ஜினியர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. சாவியை எடுத்துச் சின்னவள் கையில் கொடுத்தேன்.