கறைக்கு இவ்வளவு, தரைக்கு எவ்வளவு

டைல்ஸ் கடையில் பதினொரு வருடம் விற்பனையாளராக நின்றவர், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, வேகமாகத் தண்ணீர் பீச்சும் மெஷின் ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் இறக்கினார். சிமெண்ட் தரை, வெளிச்சுவர், கார் நிறுத்துமிடம் எல்லாம் கழுவித் தரப்படும் என்று நோட்டீஸ் அடித்தார். நண்பர்கள் அவருக்குப் 'பீச்சாங்குழல்' என்று பேர் வைத்தார்கள். செலவில்லாத விளம்பரம் என்று அதையும் ஏற்றுக்கொண்டார்.

கழுவுவதில் ஆள் கெட்டிக்காரர். விலை சொல்வதில்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஆகும் என்று கேட்டால் தரையைப் பார்க்க மாட்டார். கேட்டவர் முகத்தைப் பார்ப்பார். முகம் சுளித்தால் விலை அங்கேயே இறங்கிவிடும். ஒரு வீட்டுக்காரருக்குத் தும்மல் வந்து முகம் கோணியதற்கே முந்நூறு குறைத்துவிட்டு வந்தார்.

மருந்துக் கடையில் வேலை பார்த்த அவர் மனைவிக்கு இது பொறுக்கவில்லை. "எங்க கடையில இருமலுக்கு ஒரு விலை, வயித்து வலிக்கு ஒரு விலை. யார் மூஞ்சியையும் பாத்து மாத்திரை குடுக்கறதில்ல. நீங்களும் கறைக்குக் கறை விலை போடுங்க" என்றார்.

போட்டார்கள். எண்ணெய்க் கறை நூறு, துரு நூற்றைம்பது, பாசி பிடித்த படி எண்பது, பறவை எச்சம் இருபது. அட்டைக்கு லேமினேஷனும் ஆயிற்று.

அந்த அட்டை முதலில் போய்ச் சேர்ந்தது ஒரு பல் டாக்டரம்மாவின் கையில். வீட்டின் முன்பக்கமே கிளினிக். நோயாளிகளின் வண்டிகள் ஒழுகி ஒழுகி, முற்றத்துத் தரை கறுத்துக் கிடந்தது. டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை இரண்டு தடவை படித்தார்.

"இது எனக்குப் புடிச்சிருக்கு. நானும் பல்லுக்குப் பல்லுதான் வாங்கறேன்" என்றவர், சாக்குக் கட்டியோடு முற்றத்தில் இறங்கிக் குனிந்து குனிந்து பார்த்தார். "இந்தப் படியில வழுக்குது, எடுத்துடுங்க. இந்தத் துரு அசிங்கமா இருக்கு, எடுத்துடுங்க. இந்த எண்ணெய் ஓரமாத்தானே இருக்கு, ஒண்ணும் தொந்தரவு பண்ணல. இருக்கட்டும்."

இப்படிப் பதினான்கு எண்ணெய்க் கறைகள் 'இருக்கட்டும்' ஆயின. எடுக்க வேண்டியவை மூன்றே மூன்று.

"அப்புறம், தரை முழுக்க மண்ணா இருக்கே. அதுக்கு எவ்வளவு?"

பீச்சாங்குழல் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. தரைக்கு விலை போடக் கணவன் மனைவி இருவருமே மறந்திருந்தார்கள். டாக்டரின் முகத்தைப் பார்த்தார். "அது... அதோட சேந்ததுதான் மேடம்" என்று வாய் தானாகச் சொல்லிற்று.

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தவர் ஐந்து மணிக்குத்தான் நிமிர்ந்தார். தரை முழுவதும் கழுவ வேண்டும், பதினான்கு கறைகளுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிளாஸ்டிக் தட்டைக் கவிழ்த்துச் சுற்றிலும் பீச்சினார். அப்படியும் ஒரு தட்டு பறந்து, ஒரு கறை பாதி போய்விட்டது. அதற்கு ஐம்பது கேட்டுப் பார்த்தார்.

"நான் சொல்லாத பல்லைப் புடுங்கிட்டு வந்து காசு கேட்டா நீங்க குடுப்பீங்களா?" என்றார் டாக்டர்.

மூன்று கறைக்கான காசோடு வீடு திரும்பினார். மனைவி புது அட்டைக்குக் கோடு போட ஆரம்பித்தார். தரை சதுர அடிக்கு இவ்வளவு. கறை அதற்கு மேல். வேலை எவ்வளவு சின்னதானாலும் வந்து மெஷினை இறக்கக் குறைந்தபட்சம் ஐந்நூறு.

மூன்றாம் நாள் டாக்டரே போன் செய்தார். வெளுத்த தரையில் கறுப்புத் திட்டுகளாகக் கறைகள் எடுப்பாகத் தெரிகின்றனவாம். வருகிறவர்கள் பல்லைக் காட்டாமல், "உங்க வாசல் ஏன் மாட்டுத் தோல் மாதிரி இருக்கு?" என்று கேட்கிறார்களாம். பீச்சாங்குழல் புது அட்டையின் விலைகளைப் படித்துக் காட்டினார்.

"எல்லாத்தையும் எடுத்துடுங்க. ஆனா வர்றதுக்கே ஐந்நூறா?"

போனில் முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று. "உங்ககிட்ட வந்து வாயைத் திறந்தாலே முந்நூறு வாங்கறீங்களே மேடம்" என்றார். மறுமுனையில் சிரிப்பு கேட்டது. காரியம் முடிந்தது.

மீதிக் கறைகளை எடுக்கப் போன அன்று, அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்ற நோயாளி ஒருவர், வாய் நிறையப் பஞ்சோடு கிட்டே வந்தார். மரத்துப்போன உதடு ஒட்டவில்லை. இரண்டு விரலைக் காட்டி, "எண்டு ஆடி" என்றார்.

"ரெண்டு படியா? ஐந்நூறு ஆகும்."

நோயாளி ஆவலாகக் கையைப் பிடித்துக் குலுக்கி, முகவரியை எழுதிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை அந்த முகவரியில் போய் நின்றவர் அண்ணாந்து பார்த்தார். இரண்டு மாடி. வெளிச்சுவர் நாலு பக்கமும் பாசி.

"மாடின்னுதானே சொன்னேன்" என்றார் வீட்டுக்காரர். இப்போது வாய் தெளிவாக இருந்தது.

பீச்சாங்குழல் யோசித்தார். வீட்டுக்காரர் முகத்தை மட்டும் பார்க்கவே இல்லை. வாசலில் இருந்த இரண்டு படிகளைப் பளபளவென்று கழுவி, ஐந்நூறை வாங்கிக்கொண்டு, மாடிக்குத் தனியாகக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

மனைவி அட்டையின் அடியில் இன்னொரு வரி சேர்த்தார்: 'இடத்தைப் பார்த்த பிறகே விலை சொல்லப்படும். பல் டாக்டரிடமிருந்து நேராக வருகிறவர்கள் எழுதிக் காட்டவும்.'